இரண்டு ஸ்டெப்னி எடுத்துக்கொள்ளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு. சாமானைக் குறைத்துக்கொள், கை வீசிக்கொண்டு போ என்பார்கள். நல்ல புத்திமதிதான். ஆனால் கனடாவின் வடமேற்கு மூலையில் யூகான் என்று ஒரு பிரதேசம் இருக்கிறது. அங்கே சொந்தமாகக் கார் ஓட்டிப் போகப் போகிறேன் என்று யாராவது என்னிடம் வந்தால், நேர்மாறாகத்தான் சொல்வேன். டிக்கியில் இடம் உள்ளவரை ஏற்றுங்கள். ஏன் என்று கேட்டால் நூற்றி இருபத்தைந்து வருஷத்துக் கதை சொல்ல வேண்டிவரும். அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நான் நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்தவன். எந்த ஊருக்குப் போனாலும் ரோட்டையும் அதற்கு அடியில் இருக்கும் மண்ணையும்தான் முதலில் பார்ப்பேன். வீட்டில் இதற்காகத் திட்டு வாங்குவது தனிக்கதை. அப்படிப்பட்டவனுக்கு யூகான் ஒரு விருந்து. தமிழ்நாட்டைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல் பரப்பு. மக்களோ ஐம்பதாயிரம் பேர் கூட இல்லை. அவர்களிலும் பெரும்பாலோர் தலைநகர் வைட்ஹார்ஸிலேயே இருக்கிறார்கள். மற்றதெல்லாம் காடு, ஆறு, மலை, கரடி.

சரி, கதைக்கு வருகிறேன். 1896 ஆகஸ்டில் க்ளாண்டைக் ஆற்றில் கலக்கும் ஒரு சிற்றோடையில் தங்கம் கிடைத்தது. அடுத்த வருஷம் ஜூலையில் அந்தத் தங்கத்தோடு கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சியாட்டிலுக்கும் வந்து சேர்ந்தன. அவ்வளவுதான், கடைக்காரர், குமாஸ்தா, டிராம் ஓட்டுநர் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் புறப்பட்டதாகச் சொல்கிறார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் முப்பது நாற்பதாயிரம் பேர்தான்.

கப்பல் அலாஸ்காவின் கரையோடு நின்றுவிடும். அங்கிருந்து மலையைத் தாண்ட வேண்டும். சில்கூட் கணவாய் ஒரு வழி, வொயிட் கணவாய் இன்னொரு வழி. இரண்டின் உச்சியிலும் கனடாவின் குதிரைப் போலீஸ் உட்கார்ந்திருந்தது. ஒரு வருஷத்துக்கான உணவும் சாமான்களும் கையில் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன்! கடைக்காரர்கள் அச்சடித்துக் கொடுத்த பட்டியலில் மாவு மட்டுமே 180 கிலோ. அதற்கு மேல் பன்றி இறைச்சி, பீன்ஸ், சர்க்கரை, கோடாரி, ரம்பம், ஆணி, கூடாரம், அடுப்பு.

ஒரு டன்னை ஒரு மனிதன் எப்படித் தூக்குவான்? முதுகில் முப்பது கிலோ ஏற்றி மேலே கொண்டுபோய் வைக்க வேண்டும், இறங்க வேண்டும், மறுபடி முப்பது கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள், முப்பது நாற்பது நடை வரும். சில்கூட்டின் கடைசி ஏற்றத்தில் பனிக்கட்டியைச் செதுக்கி ஆயிரத்து ஐந்நூறு படிகள் போட்டிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக இடைவெளியே இல்லாமல் வரிசை ஏறும். மூச்சு வாங்குகிறது என்று ஓரமாக ஒதுங்கினால் போச்சு, மறுபடி வரிசையில் நுழைய மணிக்கணக்கில் நிற்க வேண்டும். இறங்குவது மட்டும் சுலபம். பனியில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டே வந்துவிடுவார்கள். அந்த வரிசையைக் காட்டும் புகைப்படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். வெள்ளை மலையில் கறுப்புக் கோடாக மனிதர்கள்.

வொயிட் கணவாய் வழியாகப் போனவர்கள் குதிரைகளை நம்பினார்கள். மூவாயிரம் குதிரைகள் அந்த வழியில் செத்தன. அந்தப் பள்ளத்தாக்குக்கே ‘செத்த குதிரைப் பள்ளத்தாக்கு’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். இன்று அதே கணவாயில் ஏறித்தான் அலாஸ்கா கரையிலுள்ள ஸ்காக்வேயிலிருந்து வைட்ஹார்ஸுக்குத் தார்ச்சாலை போகிறது. ஏசி போட்டுக்கொண்டு இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். நான் அந்த ஏற்றத்தில் வண்டியை ஓரங்கட்டி இறங்கி நின்று பார்த்தேன். முப்பது கிலோவோடு அந்தச் சரிவில் பத்தடி ஏறுவேனா என்பதே சந்தேகம்.

அந்தப் போலீஸ் விதியைக் கொடுமை என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1897 குளிர்காலத்தில், தங்கம் தேடி வந்தவர்கள் குவிந்த டாசன் நகரில் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம் வந்தது. பணம் இருந்தது, தங்கம் இருந்தது, மாவு இல்லை. அதைப் பார்த்தபிறகு போட்ட விதி அது. ஒரு டன் சுமக்க வைத்ததால் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர்.

சுமையைக் குறைத்ததால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. சமையல் செய்துகொண்டே கேட்கிறவர்கள் அடுப்பைக் கொஞ்சம் சின்னதாக வைத்துவிடுங்கள், இது எனக்கு ரொம்பப் பிடித்த கதை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு குளிர்காலத்திலும், வடக்கே ஃபோர்ட் மெக்ஃபெர்சன் என்ற ஊருக்கும் டாசனுக்கும் இடையே தபாலோடு ஒரு போலீஸ் ரோந்து போகும். நாய் வண்டியில், எழுநூறு கிலோமீட்டருக்கும் மேல். 1910 டிசம்பரில் இன்ஸ்பெக்டர் ஃபிட்ஸ்ஜெரால்டு மூன்று பேரோடு மெக்ஃபெர்சனிலிருந்து டாசனுக்குக் கிளம்பினார். வேகமாகப் போக வேண்டும் என்று சாப்பாட்டை வழக்கத்தைவிடக் குறைத்துக்கொண்டார். அந்த மூவரில் கார்ட்டர் என்பவர் வழி தெரியும் என்றார். ஆனால் அவர் அந்தப் பாதையில் போனது ஒரே ஒருமுறை, அதுவும் எதிர்த்திசையில்.

நடுவழியில் குவிச்சின் மக்களைச் சந்தித்தார்கள். அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் சில நாட்கள் வழிகாட்டினார். புத்தாண்டு அன்று ஃபிட்ஸ்ஜெரால்டு அவருக்குக் கூலி கொடுத்து அனுப்பிவிட்டார். அப்புறம் திரும்ப வேண்டிய ஓடை எது என்று தெரியவில்லை. ஒரு வாரம் தேடினார்கள். கார்ட்டரின் பேச்சை நம்பியிருக்கக் கூடாது என்று ஃபிட்ஸ்ஜெரால்டு நாட்குறிப்பில் எழுதிவைத்தார். எழுதி என்ன பயன்? திரும்பி நடந்தார்கள், நாய்களையே ஒவ்வொன்றாக அடித்துத் தின்றார்கள். நான்கு பேரும் செத்துப்போனார்கள். கடைசியாக விழுந்தவர்கள் புறப்பட்ட ஊருக்கு நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் கிடந்தார்கள். டாசனிலிருந்து தேடப் போய், 1911 மார்ச்சில் உடல்களைக் கண்டுபிடித்தவர் டெம்ப்ஸ்டர் என்ற போலீஸ்காரர். அவர் ஒரு குவிச்சின் வழிகாட்டியோடு போனார், அதைக் கவனியுங்கள்.

இன்று அந்த நாட்டுக்குள் போகும் சாலைக்கு டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை என்று பெயர். 1979இல் திறந்தது. டாசனுக்குக் கிழக்கே நாற்பது கிலோமீட்டரில் பிரிந்து, வடக்கே இனுவிக் என்ற ஊர் வரை 730 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. ஏறக்குறைய முழுக்கச் சரளைக்கல். தார் ஏன் போடவில்லை என்று நம்மவர்கள் கேட்பார்கள். அங்கே தரைக்கு அடியில் மண் வருஷம் முழுக்க உறைந்தே கிடக்கிறது. அது உருகினால் சேறு, ரோடு அப்படியே உட்கார்ந்துவிடும். நம்மூரில் வெள்ளத்துக்காக மேடு போடுவோம். அங்கே அடியில் உள்ள குளிர் வெளியே போய்விடாமல் இருக்க மேடு போடுகிறார்கள். சில இடங்களில் இரண்டு மீட்டர் உயரத்துக்கு ஜல்லி. ரோட்டைக் கட்டிக் குளிரைப் பாதுகாக்கிற வேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் சர்வீஸில் படித்த பாடமெல்லாம் அங்கே தலைகீழ்.

அந்தக் கல் கத்தி மாதிரி கூர்மையானது. டயரைக் கிழித்துவிடும். எதிரே லாரி வந்தால் வேகத்தைக் குறைத்து ஓரமாக ஒதுங்குங்கள், இல்லாவிட்டால் முன்கண்ணாடி போய்விடும். பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும். வாடகைக்குக் கார் கொடுப்பவர்கள் பலர் அந்தச் சாலைக்கு அனுமதி தரமாட்டார்கள், முதலிலேயே கேட்டுவிடுங்கள். அப்புறம் பெட்ரோல். கிளம்பும் இடத்தில் நிரப்பினால் அடுத்த பங்க் 369 கிலோமீட்டர் தள்ளி, ஈகிள் பிளெய்ன்ஸில். நடுவில் ஒரு டீக்கடை கூடக் கிடையாது. போன் சிக்னலும் எதிர்பார்க்காதீர்கள்.

அதனால்தான் சொல்கிறேன், இரண்டு ஸ்டெப்னி. ஒன்று போதாது. ஒன்று கிழிந்ததும் உங்கள் கையில் ஸ்டெப்னியே இல்லை, மீதித் தூரம் முழுக்க வயிற்றில் புளிதான். எங்களுக்கு ஈகிள் பிளெய்ன்ஸுக்கு முன்பே ஒரு டயர் போனது. இன்னொன்று இருந்த தைரியத்தில் நிம்மதியாகப் போனோம். ஸ்டெப்னி இரண்டு, ஒரு கேன் பெட்ரோல், தண்ணீர், நாலு நாளைக்குச் சாப்பாடு, கம்பளி. ஜூலையிலும் கம்பளி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷமாம். டாசனைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். பெரும்பாலான தெருக்களில் தார் இல்லை, மண்ரோடுதான், நடக்க மரப்பலகை. உறைந்த மண் இளகிச் சாய்ந்துபோன பழைய வீடுகளை அப்படியே நிற்கவிட்டிருக்கிறார்கள். பக்கத்து ஓடையில் 1959 வரை தங்கம் வாரிய எட்டு மாடி உயர மர இயந்திரம் ஒன்று நிற்கிறது, பார்க்காமல் வராதீர்கள். முக்கியமாக ஒன்று: தங்கம் கிடைத்த கதையில் கீஷ் என்ற டாகிஷ் பழங்குடிக்காரருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் முதல் கண்டுபிடிப்பு என்று பதிவானது அவருடைய வெள்ளைக்கார மைத்துனர் கார்மாக்கின் பெயரில். கும்பல் வந்து இறங்கியதும், அங்கே காலங்காலமாக மீன்பிடித்த ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்கள் தலைவர் ஐசக்கோடு ஆற்றின் கீழ்ப்பக்கம் மூஸ்ஹைடுக்கு ஒதுங்க வேண்டி வந்தது. அந்த இடங்களை 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இதற்குத் தனியாக ஒரு உரை வேண்டும்.

இனுவிக்கோடு சாலை முடிவதில்லை. 2017இல் திறந்த சாலையில் இன்னும் 138 கிலோமீட்டர் போனால் டுக்டோயாக்டுக் என்ற ஊர், ஆர்க்டிக் கடல், காலை நனைத்துவிட்டு வரலாம். ஆனால் இனுவிக் போகும் வழியில் பீல், மெக்கென்சி என்று இரண்டு ஆறுகளுக்குப் பாலம் கிடையாது. கோடையில் படகில் காரை ஏற்றிக் கடக்க வேண்டும், குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே ஓட்ட வேண்டும். பனி உடையும்போதும் உறையும்போதும் சில வாரங்கள் இரண்டும் கிடையாது. தேதி பார்த்துக் கிளம்புங்கள். நேரம் முடிந்துவிட்டது, வணக்கம்.