மழைக்குப் பணிந்த கூரை

வணக்கம் நேயர்களே. ராபர்ட் சிசோம் என்ற பிரிட்டிஷ் காலத்துக் கட்டடக் கலைஞரைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவரிடம் போவதற்கு முன் என் சொந்தக் கதை கொஞ்சம்.

சென்னையில் படித்துவிட்டு ஊர் திரும்பிய புதுசு. குன்னூரில் ஒரு வீட்டுக்குத் தட்டையாகக் கான்கிரீட் தளம் போட்டேன். மேஸ்திரி ஓரமாக நின்று, "சார், வாட்டம் பத்தாது, தண்ணி ஓடாது" என்றார். நான் காதில் வாங்கவில்லை. ஐப்பசி மழை விடாமல் பிடித்ததும் ஃபோன் வந்தது. போய்ப் பார்த்தால் ஹாலில் மூன்று வாளி, ஒரு குண்டான். சுவர் மூலையில் பச்சையாகப் பூசணம். "தம்பி, வீட்டுக்குள்ளே குடை பிடிக்கணும்னு பிளான்லயே போட்டிருந்தீங்களா?" என்று கேட்டார் வீட்டுக்காரம்மா.

அந்த வாரம்தான் ஊட்டியில் நீலகிரி நூலகத்தை நின்று பார்த்தேன். சரேலென்று இறங்கும் கூரை. தண்ணீர் தங்க இடமே கிடையாது. மூடுபனி இறங்கினால் மத்தியானம் மூன்று மணிக்கே லைட் போடுகிற ஊர் நம்முடையது. அங்கே கூர்முனை வளைவோடு உயர்ந்து நிற்கும் ஜன்னல்கள் இருக்கிற வெளிச்சத்தையெல்லாம் உள்ளே இழுத்துவிடுகின்றன.

அதை வடிவமைத்தவர்தான் இந்த ராபர்ட் சிசோம். 1840-இல் பிறந்தவர். 1860-களின் பிற்பாதியில் இந்த வேலை நடந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. லவ்டேலில் இன்று லாரன்ஸ் பள்ளியாக இருக்கிற கட்டடமும் அவருடையதுதான். தூரத்திலிருந்தே தெரியும் அந்தக் கோபுரம் இத்தாலியச் சாயல் கொண்டது.

அவருக்கு முன்னால் இங்கே கட்டியவர்களில் ராணுவ அதிகாரிகள் பலர். நம் செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்தை 1830-வாக்கில் கட்டியவரும் ஒரு கேப்டன்தான். சிசோமோ போட்டியில் ஜெயித்து, சென்னை மாநிலக் கல்லூரிக் கட்டடத்தைக் கையில் வாங்கியவர். பிறகு சென்னை அரசாங்கத்தின் ஆலோசனைக் கட்டடக் கலைஞரானார். கட்டடக்கலையைத் தனித் தொழிலாக இங்கே நிற்க வைத்தவர்களில் அவருக்கு முக்கியமான இடம் உண்டு.

நம் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அவருடைய சிறந்த வேலை ஊட்டியில் இல்லை என்பதுதான் என் அபிப்பிராயம். இங்கே அவர் மழையைப் பார்த்தார், வெளிச்சத்தைப் பார்த்தார். மற்றதெல்லாம் ஐரோப்பாவைப் பார்த்துப் போட்டது. மலையிறங்கிய பிறகுதான் ஆள் மாறினார். மதுரையில் சிதைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலைச் சீரமைக்கும் வேலை வந்தது. அந்தத் தூண்களுக்கும் சுதைக்கும் நடுவில் புழங்கியவர் கை பழையபடி இருக்குமா? சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தைப் பாருங்கள், 1879-இல் முடிந்தது. 1880-இல் முடிந்த திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். கூரை அப்படியே கேரளத்துச் சாயல். காற்று தானாகப் புகுந்து வெளியேறும்.

1877-இல் சென்னைக் கலைப் பள்ளியின் பொறுப்பு அவரிடம் வந்தது. இப்போதைய அரசு கவின்கலைக் கல்லூரிதான் அது. கட்டடங்களை நாலு பேர் போட்டோ எடுப்பார்கள். கைவேலைக்காரர்களை வளர்க்கிற பள்ளிக்குப் பொழுதைக் கொடுத்ததை யார் போட்டோ எடுப்பது? தொழிலுக்கு அவர் செய்த சேவை என்று கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

பரோடாவில் லட்சுமி விலாஸ் அரண்மனையைத் தொடங்கிய மேஜர் மான்ட் 1881-இல் இறந்துபோக, பாதியில் நின்றதை முடித்துக் கொடுத்தவரும் இவரே. அடுத்தவர் போட்ட பிளானைக் கையில் எடுப்பது எவ்வளவு சங்கடம் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கடைசியில் லண்டன் திரும்பி, அங்கேயும் கட்டி, 1915-இல் காலமானார்.

குன்னூர் வீட்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தளத்துக்கு மேலே தகரக் கூரை ஏற்றினோம், என் செலவில். எவ்வளவு சரிவு வைக்கலாம் என்று அதே மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு, கையைச் சாய்த்துக் காட்டினார். நான் டேப்பை எடுத்து அளந்து, நோட்டில் குறித்துக்கொண்டேன்.