தாவீதின் நட்சத்திரம் தாவீதிடம் இருந்ததா?

[திரையில்: இஸ்ரேல் கொடி. வெள்ளைத் துணி, மேலும் கீழும் நீலப் பட்டை, நடுவில் அறுமுனை நட்சத்திரம்.]

வணக்கம். மேல் நோக்கி ஒரு முக்கோணம், கீழ் நோக்கி ஒரு முக்கோணம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் ஆறு முனை நட்சத்திரம். இஸ்ரேல் கொடியில், யூதர்கள் வழிபடும் ஜெப ஆலயத்தின் கதவில், அவர்களுடைய கல்லறையில், கழுத்துச் சங்கிலியில் எல்லாம் இதைப் பார்க்கலாம். நாம் 'தாவீதின் நட்சத்திரம்' என்கிறோம். எபிரேய மொழியில் 'மாகேன் தாவீத்', அதாவது தாவீதின் கேடயம்.

பெயரைக் கேட்டதும் ஒரு கதை தானாகவே ஓடும். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் தாவீது ராஜா இந்தக் குறி பொறித்த கேடயத்தோடு போருக்குப் போனார் என்று. நல்ல கதைதான், ஆனால் ஆதாரம் எதுவும் கிடையாது. எபிரேய வேதத்தில் தாவீதைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. கோலியாத்தை வீழ்த்திய கவண்கல் உண்டு, அவர் வாசித்த சுரமண்டலம் உண்டு, பிறர் மனைவியான பத்சேபாளோடு நடந்த விவகாரம்கூட ஒளிவுமறைவு இல்லாமல் உண்டு. கேடயத்தில் நட்சத்திரம் இருந்ததாக ஒரு வரியும் இல்லை. யூத ரபிகளின், அதாவது மத அறிஞர்களின், பெரும் தொகுப்பான தல்மூத்திலும் இல்லை.

'தாவீதின் கேடயம்' என்ற சொல் மட்டும் பழையது. ஓய்வுநாள் காலை வழிபாட்டில் தீர்க்கதரிசிகளின் நூலிலிருந்து ஒரு பகுதியை வாசிப்பார்கள். வாசித்து முடித்ததும் சொல்லும் துதிகளில் ஒன்று கடவுளை 'தாவீதின் கேடயமே' என்று போற்றி முடியும். அங்கே கேடயம் என்பது கடவுள்தான். எந்த வடிவத்தைப் பற்றியும் அந்தத் துதியில் பேச்சில்லை.

[திரையில்: ரோம் நகரின் தீத்து வளைவு. விளக்கைச் சுமந்து செல்லும் வீரர்களின் சிற்பம்.]

சரி, பழங்கால யூதர்களுக்கு அடையாளமே இல்லையா? இருந்தது. ஏழு கிளைகள் கொண்ட குத்துவிளக்கு, மெனோரா. கி.பி. 70இல் ரோமானியர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கொள்ளைப் பொருட்களை ரோமுக்கு ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். அந்தக் காட்சியைத் தீத்து வளைவில் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள், இன்றும் போய்ப் பார்க்கலாம். வீரர்களின் தோளில் இருப்பது மெனோரா. ரோமில் யூதர்களின் நிலத்தடிக் கல்லறைகளிலும், கலிலேயாப் பக்கத்து ஜெப ஆலயங்களின் தரைச் சித்திரங்களிலும் திரும்பத் திரும்ப வருவதும் மெனோராதான்.

அறுமுனை நட்சத்திரம் அந்தக் காலத்தில் கண்ணில் படவே இல்லை என்று சொல்ல முடியாது. கப்பர்நகூம் ஜெப ஆலயத்தின் இடிபாடுகளில், கல் வேலைப்பாட்டில் அது இருக்கிறது. கூடவே ஐந்து முனை நட்சத்திரமும் இருக்கிறது. இரண்டும் கல்தச்சர்கள் அழகுக்குப் போட்டவை. 'இது யூதர்களின் கட்டடம்' என்று அறிவிக்க அங்கே அதைச் செதுக்கவில்லை.

[திரையில்: சரவணபவ எந்திரம். அடுத்து டெல்லி ஹுமாயூன் கல்லறையின் முகப்பு.]

இதைப் பார்க்கும் பாதிப் பேருக்கு இந்நேரம் ஒரு கேள்வி வந்திருக்கும்: "இது முருகன் எந்திரம் ஆச்சே?" ஆமாம், அதே வடிவம்தான். ஆறு முனையில் ச, ர, வ, ண, ப, வ என்று ஆறு எழுத்து. நாம் அறுகோணச் சக்கரம் என்கிறோம், வடமொழியில் ஷட்கோணம். டெல்லியில் முகலாயர் கட்டிய ஹுமாயூன் கல்லறை முகப்பிலும் பெரிது பெரிதாக இதே நட்சத்திரம் இருக்கிறது. இதை வைத்து 'யூதர்களுக்கும் நமக்கும் பூர்வத் தொடர்பு' என்று கிளம்பும் வாட்ஸ்அப் ஆராய்ச்சிகளை நான் நம்புவதில்லை. இரண்டு முக்கோணத்தைக் குறுக்கும் மறுக்கும் வைப்பது, புள்ளிக்கோலம் போடத் தெரிந்த யாருக்கும் கைவரக்கூடிய விஷயம். வடிவம் பல இடங்களில் தனித்தனியாகப் பிறக்கும். எந்த ஊரில் யார் அதற்கு என்ன பொருள் ஏற்றினார்கள் என்பதுதான் வரலாறு.

யூதர்களிடையே அந்தப் பொருள் முதலில் ஏறியது மந்திர தந்திரத்தின் வழியாக.

தாவீதின் மகன் சாலொமோன் ராஜாவிடம் ஒரு மோதிரம் இருந்ததாம். அதைக் கொண்டு பேய் பிசாசுகளை அடக்கி வேலை வாங்கினாராம். தல்மூத்தில் இந்தக் கதை இருக்கிறது, ஆனால் அங்கே மோதிரத்தில் பொறித்திருப்பது கடவுளின் பெயர். பிற்காலத்தில் கதை கைமாறிக் கைமாறி, மோதிரத்தில் நட்சத்திரம் வந்து உட்கார்ந்துகொண்டது. அரபு உலகத்தில் 'சுலைமான் முத்திரை' என்றார்கள். முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், யூதர்கள் மூன்று பேருமே தாயத்தில் போட்டார்கள். ஐந்து முனையா, ஆறு முனையா என்பதில்கூட அப்போது கறார் கிடையாது, இரண்டுக்கும் ஒரே பெயர்.

யூத வீடுகளின் நிலைக்காலில் மெசூசா என்று ஒன்று பதிப்பார்கள். வேத வசனம் எழுதிய தோல் சுருள் அது. இடைக்காலத்தில் சிலர் அந்தச் சுருளில் வசனத்தோடு தேவதூதர்களின் பெயர்களையும் இந்த மாதிரி முத்திரைகளையும் சேர்த்து எழுத ஆரம்பித்தார்கள். வீட்டுக்குக் காவலாக இருக்கட்டும் என்றுதான். 12ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிடஸுக்கு இது பிடிக்கவே இல்லை. மெசூசாவுக்குள் இப்படி எழுதுகிறவர்களுக்கு மறுமையில் பங்கு இல்லை என்றே எழுதிவிட்டார். கடவுளின் கட்டளையை ஆளுக்கொரு தாயத்தாகச் சுருக்குகிறார்கள் என்பது அவருடைய கோபம். இன்றைக்குப் பக்தியின் அடையாளமாக அணிகிற ஒரு குறியின் உறவினர்கள், அன்றைக்கு ஒரு பெரிய ரபியிடம் இந்த அளவுக்குத் திட்டு வாங்கியிருக்கிறார்கள்.

தாவீதின் கேடயம் என்ற பெயரும் இந்த வடிவமும் ஒட்டிக்கொண்டது இந்தத் தாயத்து உலகத்தில்தான். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஒரு கபாலா நூலில், அதாவது யூத மறைஞான நூலில், அறுமுனை வடிவத்துக்கு அந்தப் பெயர் வருகிறது. காவல் காக்கும் குறி, கேடயம். பொருத்தமாக இருக்கிறது இல்லையா?

[திரையில்: பிராக் நகரத்தின் பழைய-புதிய ஜெப ஆலயம், உள்ளே தொங்கும் கொடி.]

தாயத்திலிருந்து தெருவுக்கு வந்தது பிராக் நகரத்தில். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த ஊர் இதுதான். 1354இல் பேரரசர் நான்காம் சார்லஸ் பிராக் யூதர்களுக்குச் சொந்தக் கொடி வைத்துக்கொள்ளும் உரிமை கொடுத்தார் என்பது மரபு. சிவப்புக் கொடியில் இந்த நட்சத்திரம். அந்தக் கொடியின் வழிவந்த ஒன்று பழைய-புதிய ஜெப ஆலயத்துக்குள் இன்றும் தொங்குகிறது. அப்புறம் அச்சகம் வந்தது. 1512இல் பிராக்கில் அச்சான எபிரேயப் பிரார்த்தனை நூலில் பெரிய நட்சத்திரம் இருக்கிறது. அச்சுக்காரர்கள் அதைத் தங்கள் முத்திரையாகவே வைத்துக்கொண்டார்கள். புத்தகம் போன ஊருக்கெல்லாம் நட்சத்திரமும் போனது.

அதே ஊரில் தாவீது கான்ஸ் என்று ஒருவர். வரலாறு எழுதியவர், வானியல் அறிந்தவர், புகழ்பெற்ற வானியலாளர்கள் டைகோ பிராகி, கெப்ளர் இருவரோடும் பழகியவர். 1613இல் இறந்தார். பிராக்கின் பழைய யூதக் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய நடுகல்லில் ஒரு வாத்தும் ஒரு அறுமுனை நட்சத்திரமும் இருக்கின்றன. வாத்து அவருடைய குடும்பப் பெயருக்கு: ஜெர்மன் மொழியில் கான்ஸ் என்றால் வாத்து. நட்சத்திரம் அவருடைய சொந்தப் பெயர் தாவீதுக்கு. வானியல் பற்றி எழுதிய நூலுக்கும் 'மாகேன் தாவீத்' என்றே பெயர் வைத்தார் மனிதர். இங்கே இந்தக் குறி ஒரு இனத்தைச் சுட்டவில்லை, ஒரு ஆளைச் சுட்டுகிறது. இன்னும் அது முழுதாகப் பொதுச்சொத்து ஆகவில்லை.

வியன்னாவில் ஆகிவிட்டது. 1656இல் அங்கே யூதர் குடியிருப்புக்கும் கிறிஸ்தவர் குடியிருப்புக்கும் நடுவே ஒரு எல்லைக்கல் நட்டார்கள். அதில் சிலுவையும் அறுமுனை நட்சத்திரமும் ஒரே அளவுக்குச் செதுக்கியிருந்தது. இது அவர்கள் பக்கம், அது இவர்கள் பக்கம். சிலுவைக்குச் சமமாக நட்சத்திரம் நிற்க ஆரம்பித்தது ஒரு வேலிக்கல்லில்தான். 1670இல் பேரரசர் லியோபோல்ட் வியன்னா யூதர்களை ஊரைவிட்டே துரத்தினார். போனவர்கள் குறியையும் கையோடு கொண்டுபோனார்கள்.

[திரையில்: 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஜெப ஆலயங்களின் முகப்புகள்.]

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றாக யூதர்களுக்குக் குடியுரிமை கொடுத்தன. ஒளிந்து கும்பிட வேண்டியதில்லை, பெரிய தெருவிலேயே ஜெப ஆலயம் கட்டலாம். தேவாலயக் கோபுரத்தில் சிலுவை இருக்கிறது, நம் கட்டடத்தின் உச்சியில் என்ன வைப்பது? எளிதாக வரையலாம், தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும், நட்சத்திரம் போதும் என்று முடிவானது. கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனே 1840 முதல் பாரிஸிலிருந்து ஜெர்மன் நாளிதழுக்கு அனுப்பிய கட்டுரைகளில், பெயருக்குப் பதிலாக இந்த நட்சத்திரத்தையே போட்டார். அவர் யூதராகப் பிறந்து, ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவர் ஆனவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

யூத மறைஞானத்தை ஆராய்ந்த கெர்ஷோம் ஷோலெம் இந்தக் குறியின் வரலாற்றை விரிவாக எழுதினார். நட்சத்திரம் எங்கு பார்த்தாலும் தெரிந்த அந்த 19ஆம் நூற்றாண்டில்தான் அதற்குள் மதப்பொருள் என்று எதுவுமே இருக்கவில்லை என்பது அவர் கணிப்பு. எனக்கும் அது சரியென்றே படுகிறது. இன்று இணையத்தில் தேடினால் விளக்கங்கள் கொட்டும். மேல் முக்கோணம் மனிதனிடமிருந்து கடவுளுக்கு, கீழ் முக்கோணம் கடவுளிடமிருந்து மனிதனுக்கு. ஆறு முனை ஆறு வேலை நாள், நடு அறுகோணம் ஓய்வுநாள். வெளிவிளிம்பில் பன்னிரண்டு கோடு, பன்னிரண்டு கோத்திரம். எண்ணிக்கொண்டே போகலாம். இவற்றில் ஆழமானது ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக் என்ற தத்துவ அறிஞர் 1921இல் வெளியிட்ட நூலில் உள்ளது. ஒரு முக்கோணத்தின் முனைகள் கடவுள், உலகம், மனிதன். இன்னொன்றுக்குப் படைப்பு, வெளிப்பாடு, மீட்பு. அழகான சிந்தனை. ஆனால் குறி வீதிக்கு வந்து நூற்றாண்டுகள் கழித்து ஏறிய பொருள் இது.

1897இல் பாசல் நகரத்தில் முதல் சியோனிச மாநாடு நடந்தது. யூதர்களுக்கு ஒரு நாடு வேண்டும் என்ற இயக்கம் அது. தலைவர் தியடோர் ஹெர்சல் மனதில் இருந்த கொடி வேறு: வெள்ளைத் துணியில் ஏழு தங்க நட்சத்திரங்கள், ஏழு மணி நேர வேலைநாளுக்காக. அவருடைய சகா தாவீது வோல்ஃப்சோன் வேறு வழியில் யோசித்தார். தொழுகையில் போர்த்தும் தாலித் சால்வை ஏற்கெனவே வெள்ளையும் நீலக் கோடுமாக இருக்கிறதே, அதன் நடுவில் நட்சத்திரத்தை வைத்தால் கொடி தயார் என்றார். பக்தர்களுக்குச் சால்வை தெரியும், மதத்தைவிட்டு விலகியவர்களுக்கும் நட்சத்திரத்தில் ஆட்சேபணை இல்லை. அதில் மதச்சுமை இல்லாததே வசதியாகப் போயிற்று.

[திரையில்: கருப்பு. சில நொடி அமைதி. பிறகு மஞ்சள் துணி நட்சத்திரம்.]

இப்போது நாஜிகள். யூதர்களுக்கு அடையாளம் குத்துவது அவர்கள் கண்டுபிடித்ததல்ல. 1215இல் கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லாத்தரன் சங்கம் யூதர்களும் முஸ்லிம்களும் உடையால் வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று விதித்தது. அதன்படி பல நாடுகளில் மஞ்சள் வட்டத் துணியைத் தைத்துக்கொள்ள வைத்தார்கள். அப்போது அது நட்சத்திரம் இல்லை. நாஜிகள் அந்தப் பழைய மஞ்சளையும், யூதர்களே விரும்பி ஏற்றிருந்த நட்சத்திரத்தையும் ஒன்றாக்கினார்கள்.

1933 ஏப்ரல் 1 அன்று ஜெர்மனியில் யூதர் கடைகளைப் புறக்கணிக்கும் போராட்டம் நடத்தி, கடைக் கண்ணாடிகளில் நட்சத்திரத்தை வரைந்துவிட்டுப் போனார்கள். மூன்று நாள் கழித்து ராபர்ட் வெல்ச் என்ற யூதப் பத்திரிகை ஆசிரியர், அந்த மஞ்சள் அடையாளத்தைப் பெருமையோடு அணியுங்கள் என்று தலையங்கம் எழுதினார். அந்த வார்த்தைகள் எவ்வளவு நேராக நடக்கப்போகின்றன என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1939 நவம்பரில், பிடிபட்ட போலந்தில் பத்து வயதுக்கு மேற்பட்ட யூதர்கள் நீல நட்சத்திரம் போட்ட வெள்ளைக் கைப்பட்டை கட்ட வேண்டும் என்று ஆணை. 1941 செப்டம்பர் 19 முதல் ஜெர்மனியில் ஆறு வயதுக் குழந்தை முதல் எல்லா யூதரும் இடது மார்பில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் 'யூதர்' என்ற ஜெர்மன் சொல், எபிரேய எழுத்தைக் கிண்டல் செய்யும் வளைவுகளோடு. பிரான்சில் 1942 ஜூனில் வந்தது. ஆளுக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்துவிட்டு, அதற்கு அவர்களுடைய துணி ரேஷனிலிருந்தே ஒரு புள்ளியைக் கழித்துக்கொண்டார்கள். வதை முகாம்களில் அந்த வடிவத்தைப் பிரித்தே போட்டார்கள்: யூதர் என்பதற்கு ஒரு மஞ்சள் முக்கோணம், அதன் மேல் 'குற்றத்தின்' வகையைக் காட்ட வேறு நிறத்தில் இன்னொன்று.

போர் முடிந்தபின் இந்தக் குறியை யூதர்கள் தூக்கி எறிந்திருக்கலாம். நேர்மாறாக நடந்தது. இத்தனை பேர் அதைச் சுமந்துகொண்டு சாவுக்குப் போனதே அதைப் புனிதமாக்கிவிட்டது என்று ஷோலெம் வாதிட்டார். தத்துவ நூல்கள் ஏற்றிய பொருளைவிட இது கனமானது.

[திரையில்: 1948, டெல் அவிவ்.]

1948 மே 14இல் இஸ்ரேல் உருவானது. அதே ஆண்டு அக்டோபர் 28இல் பாசல் காலத்துக் கொடியே அரசுக் கொடியானது. ஆனால் அரசு இலச்சினைக்கு நட்சத்திரத்தை எடுக்கவில்லை. 1949 பிப்ரவரியில் ஏற்ற இலச்சினையில் இருப்பது ஒலிவக் கிளைகளுக்கு நடுவே மெனோரா, அதுவும் தீத்து வளைவில் செதுக்கிய அதே உருவத்தில்.

இந்த நட்சத்திரத்தின் வழக்கு இன்னும் ஓயவில்லை. இஸ்ரேலின் ஆம்புலன்ஸ் சேவைக்கு 'மாகேன் தாவீத் அதோம்' என்று பெயர், 1930இல் டெல் அவிவில் தொடங்கியது. செஞ்சிலுவைக்குப் பதிலாகச் சிவப்பு நட்சத்திரம். செஞ்சிலுவையையும் செம்பிறையையும் ஏற்ற சர்வதேச அமைப்பு இதை மட்டும் பல பத்தாண்டுகள் அங்கீகரிக்கவில்லை. 2005இல் எந்த மதத்தையும் சாராத 'சிவப்புப் படிகம்' என்ற புதிய சின்னத்தை உருவாக்கி, 2006இல்தான் இந்த ஆம்புலன்ஸ் சேவையை உள்ளே சேர்த்தார்கள். சொந்த நாட்டில் அவர்களுடைய வண்டிகளில் நட்சத்திரமே இருக்கிறது. வெளிநாட்டு உதவிப் பணிக்குப் போகும்போது, போகும் நாடு சம்மதித்தால், அதைப் படிகத்துக்குள் வைத்துக் காட்டலாம்.