நாற்பதுக்குப் பிறகு கற்பனை ஸ்வரம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். வேலை, குடும்பம் எல்லாம் ஒரு நிலைக்கு வந்த பிறகு கர்நாடக சங்கீதம் கற்கத் தொடங்கியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம் எல்லாம் தாண்டி நாலைந்து கீர்த்தனைகள் வரை வந்திருப்பீர்கள். அதற்குமேல் பெரும்பாலோர் பாட்டு எண்ணிக்கையைத்தான் கூட்டுகிறார்கள். நோட்டில் ஐம்பது பாட்டு இருக்கும். சொந்தமாக நாலு ஸ்வரம் பாடுங்கள் என்றால், "அதெல்லாம் சின்ன வயசிலேயே வரணுங்க" என்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பாட்டின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, சொந்தமாக ஸ்வரம் அமைத்துப் பாடி, அந்த வரிக்கே திரும்புவதுதான் கற்பனை ஸ்வரம். அதில் பாதி கணக்கு. அது பெரியவர்களுக்குச் சீக்கிரமே பிடிபடும்.

முதலில் சுருதி. குருவின் கட்டையிலேயே, அதாவது அவருடைய சுருதி அளவிலேயே, பாடிப் பழகித் தொண்டையை நோகடித்துக்கொள்ளாதீர்கள். கீழ் ஸ்தாயியில் மந்தர பஞ்சமமும் மேல் ஸ்தாயியில் தார காந்தாரமும் கழுத்து நரம்பு புடைக்காமல் வருகிற இடம்தான் உங்கள் சுருதி. ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள் அமையும், பெண்களுக்கு நாலரையிலிருந்து ஆறுக்குள். வயதானால் அரைக்கட்டை இறங்கும், இறக்கிக்கொள்ளுங்கள்.

ராகம், மோகனம். ச ரி க ப த, ஐந்தே ஸ்வரம். மத்யமமும் நிஷாதமும் இல்லாததால் அரை ஸ்வர இடைவெளியில் தடுக்கி விழ வாய்ப்பில்லை. தோடியில் தொடங்காதீர்கள். அதன் காந்தார கமகம், அதாவது அந்த ஸ்வரத்தின் அசைவு, நிற்கவே வருஷக்கணக்காகும்.

இனி நான் எங்கே போனாலும் பேசுகிற விஷயம், கணக்கு. வண்டி ஓட்டுகிறவர்கள் கேட்டால் மட்டும் போதும். மற்றவர்கள் தொடையில் ஆதி தாளம் போடுங்கள். தட்டு, மூன்று விரல், தட்டு வீச்சு, தட்டு வீச்சு. எட்டு அட்சரம். ஒவ்வொன்றுக்கும் நாலு மாத்திரை, ஆக 32. சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், காந்தாரத்தில் எடுக்கிற ஒரு மோகனப் பல்லவி வரியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வரியை ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, பாடுங்கள். அடுத்த ஆவர்த்தனத்தில் ஏழு அட்சரம் சும்மா தாளம் மட்டும். கடைசி வீச்சில் 'தபகரி' என்று நாலே ஸ்வரம் பாடி, வரியை எடுங்கள். அவ்வளவுதான், நீங்கள் ஸ்வரம் பாடிவிட்டீர்கள். இது நிலைத்ததும் கடைசி இரண்டு அட்சரம், பிறகு நாலு, பிறகு எட்டும். பின்னாலிருந்து முன்னால் நிரப்புங்கள். சமத்திலிருந்து ஆரம்பித்து நிரப்பினால், வரியை எடுக்கும் நேரத்தில் திணறல் வரும். எல்லோரும் சறுக்குவது அங்கேதான்.

அடுத்தது முத்தாய்ப்பு, ஒரே ஸ்வரத் தொடரை மூன்று முறை பாடி வரிக்குத் திரும்புகிற முடிப்பு. முதல் திருதத்தின் தட்டில், அதாவது ஐந்தாவது அட்சரத்தில், தொடங்கினால் சமம் வரை 16 மாத்திரை. 'தபகரி' மூன்று முறை, 12. நடுவில் இரண்டு இடைவெளி, ஒவ்வொன்றிலும் கடைசி ஸ்வரத்தை 2 மாத்திரை நீட்டுகிற கார்வை, 4. ஆக 16. பாட்டு அரை இடத்தில், அதாவது சமத்திலிருந்து அரை அட்சரம் தள்ளி, எடுத்தால்? 18 வேண்டும், கார்வையை 3 ஆக்குங்கள். ஒன்றரை இடமா? 22 வேண்டும், கார்வை 5. திரும்பச் சொல்கிறேன், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்: சமத்துக்கு 2, அரைக்கு 3, ஒன்றரைக்கு 5. ஸ்வரம் மாறாது, கார்வைதான் மாறும்.

இரண்டு கோளாறுகள் வரும். ஸ்வரம் நெருங்கும்போது கை ஓடும். மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்துப் பாடினால் எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிடும். இன்னொன்று, வாய் காந்தாரம் என்று சொல்லும், குரல் பஞ்சமத்தில் நிற்கும். ஸ்வரத்தை வெறும் எழுத்தாக மனப்பாடம் செய்ததன் பலன் அது. எந்தப் பிடியையும், அதாவது சிறு ஸ்வரத் தொடரையும், முதலில் 'ஆ' என்று அகாரத்தில் பாடுங்கள், பிறகு பெயர் சொல்லுங்கள்.

எழுதிவைத்துப் பழகினால் அது கற்பனையா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எழுதுங்கள் என்பதுதான் என் கட்சி. பாட்டோடு சேர்த்துப் பாடுகிற சிட்டஸ்வரம் என்பதே ஒருவர் உட்கார்ந்து யோசித்து அமைத்ததுதானே? பாட்டை இயற்றியவர் போடாமல் பின்னால் வந்தவர்கள் சேர்த்தவையும் நிறைய. வாரம் ஒரு ஆவர்த்தனம் எழுதிப் பாடி, போனில் பதிவுசெய்து, மறுநாள் கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். எல்லாப் பிடியும் சட்ஜத்திலேயே முடிந்தால், அடுத்த வாரம் சட்ஜத்தில் முடிக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்டமைக்க ஒரு குறள் போதும். முதலடியில் நாலு சீர், சீருக்கு இரண்டு அட்சரம் என்றால் ஆதி தாளத்தில் அப்படியே உட்காரும். இரண்டாம் அடியில் மூன்றே சீர், இரண்டு அட்சரம் மிஞ்சும். அந்த எட்டு மாத்திரையில் நீங்களே அமைத்த ஸ்வரத்தைப் போடுங்கள். குறிலின் மேல் கார்வை வைக்காதீர்கள், கல் கால் ஆகிவிடும்.

நேரமாகிவிட்டதென்று கை காட்டுகிறார்கள். பிறர் முன்னால் பாடுவது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். நவராத்திரிக் கொலுவுக்கு அழைத்தால், ஆறு மாதமாவது பழகிய பாட்டைப் பாடுங்கள், புதியது வேண்டாம். ஸ்வரம் இரண்டு ஆவர்த்தனம் போதும். மிருதங்கம் இருந்தால் எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், எங்கே என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடுவில் தடுமாறினால் சட்ஜத்தில் நின்றுவிடுங்கள், தாளத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். அடுத்த சுற்றில் எடுப்பைப் பிடித்துக்கொள்ளலாம். வணக்கம்.