கணவனை விற்ற மனைவி: 'ஜுதாய்' எப்படி ஓடியது?

[திரையில்: 'ஜுதாய்' போஸ்டர்]

பணத்துக்காகத் தன் கணவனை இன்னொரு பெண்ணுக்குக் கட்டிவைக்கிறாள் ஒரு மனைவி. விலை இரண்டு கோடி ரூபாய். 1997 பிப்ரவரியில் வெளியாகி, இந்தியில் நன்றாக வசூலித்த 'ஜுதாய்' படத்தின் கதை இதுதான்.

போனி கபூர் தயாரிப்பு, ராஜ் கன்வர் இயக்கம். ஆனால் கதை பிறந்தது தெலுங்கில். 1994-இல் எஸ்.வி. கிருஷ்ணா ரெட்டி எடுத்த 'சுபலக்னம்'தான் மூலம். 'விஸ்வாசம்' படத்தில் வில்லனாக வந்தாரே ஜெகபதி பாபு, அவர்தான் அதில் அந்த அப்பாவிக் கணவன். மனைவி ஆமனி, பணக்காரப் பெண் ரோஜா. இந்திக்கு முன்பே தமிழுக்கும் வந்துவிட்டது: 1996-இல் ராம்கி, ஊர்வசி, குஷ்பு நடித்த 'இரட்டை ரோஜா'.

[திரையில்: ஸ்ரீதேவி, அனில் கபூர் காட்சிகள்]

சரி, இந்தியில் என்ன மாறியது? முக்கியமாக, மனைவி வேடத்தில் யார் நடித்தார் என்பது. தெலுங்கில் ஆமனி நம் தெருவில் குடியிருக்கும் பெண் மாதிரி இருப்பார். சம்பளத்துக்குள் குடும்பம் நடத்தி அலுத்துப்போனவள் என்று பார்த்தவுடனே நம்பலாம். இந்தியில் அதே வேடம் ஸ்ரீதேவிக்கு. அவர் அப்போது பெரிய நட்சத்திரம். கணவன் காதலிக்கும் நல்ல பெண் வேடத்தை நடிகை ஊர்மிளாவுக்கு விட்டுவிட்டு, பேராசைக்காரி வேடத்தை அவர் எடுத்துக்கொண்டார். படத்தைக் காப்பாற்றியது அந்த முடிவுதான் என்பது என் கருத்து.

ஏனென்றால் இந்த வேடத்தில் கொஞ்சம் தவறினாலும் மக்கள் வெறுத்துவிடுவார்கள். ஸ்ரீதேவி அவளை ஒரு குழந்தை மாதிரி நடித்தார். பணம் வந்ததும் அவள் துள்ளுவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். அப்புறம், கணவனும் பிள்ளைகளும் மெல்ல மெல்ல ஊர்மிளா பக்கம் சாய்வதைப் பார்த்து அவள் திகைக்கும்போது, கோபப்பட வேண்டிய நமக்கே தொண்டை அடைக்கிறது.

காலமும் கைகொடுத்தது. 1991-க்குப் பிறகு சந்தை திறந்து, கடைகளில் புதுப் பொருள்கள் குவிந்த நேரம் அது. பக்கத்து வீட்டில் இருப்பது நம் வீட்டில் இல்லையே என்ற ஏக்கம், ஹைதராபாத்திலும் கான்பூரிலும் ஒன்றுதானே! ஓயாமல் கேள்வி கேட்கும் பரேஷ் ராவல், ஜானி லீவர் என்று நகைச்சுவையும் தாராளமாகச் சேர்த்தார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகம்தான். குடும்பத்தோடு வந்த கூட்டம் அதையும் ரசித்தது.

[திரையில்: 'சுபலக்னம்' பாடல் காட்சி]

இந்தியில் கிடைக்காத ஒன்று தெலுங்கில் உண்டு: சிரிவெண்ணெல சீதாராம சாஸ்திரி எழுதி, எஸ்.பி.பி. பாடிய 'சிலகா ஏ தோடு லேகா' ('கிளியே, எந்தத் துணையும் இல்லாமல்'). எல்லாவற்றையும் விற்றுவிட்டுத் தனியாக நிற்பவளைப் பார்த்துக் கேட்கும் பாட்டு. படம் அவளைத் திட்டாமல் அவளோடு பேசும் இடம் அது. அந்த ஒரு பாட்டுக்காகவே நான் மூலத்தை ஒரு படி மேலே வைப்பேன்.

முடிவில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாவதாக வந்தவள் விட்டுக்கொடுத்து விலகிப்போக, குடும்பம் பழையபடி சேர்ந்துவிடுகிறது. ஆசைப்பட்டவளும் அழுகிறாள், அன்பு காட்டியவளும் அழுகிறாள். தன்னை விலைபேச விட்ட கணவனை மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவனை ஒரே ஒரு காட்சியிலாவது பதில் சொல்ல வைத்திருக்கலாம்.