செந்தோசாவில் டிசம்பர் வரிசைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறையின் கடைசி நாள்கள், கிறிஸ்துமஸ், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டி எல்லாம் ஒன்றாகச் சேரும் வாரம் இது. பிள்ளைகள் சிங்கப்பூரின் செந்தோசா தீவில் இருக்கும் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். நெரிசல் உறுதி. ஆனாலும் போகலாம் என்பதே என் கருத்து. நான் கணிதம் கற்பிப்பவன், அதனால் வரிசைகளிலிருந்தே தொடங்குகிறேன்.

வரிசை எவ்வளவு நீளம் என்பதை மட்டும் பார்த்து மலைத்துவிடாதீர்கள். எத்தனை பேர் நிற்கிறார்கள், மணிக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள், இந்த இரண்டும் தெரிந்தால் காத்திருக்கும் நேரம் தெரிந்துவிடும். ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961இல் நிறுவிய விதி இது. கணக்குக்காக ஒரு சவாரியில் மணிக்கு 1,200 பேர் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். உங்களுக்கு முன்னால் 900 பேர் நின்றால் முக்கால் மணி நேரம். அதே சவாரியில் பாதி இருக்கைகள் கூடுதல் கட்டணம் கொடுத்து, தனி வரிசையில் விரைவாக ஏற உதவும் எக்ஸ்பிரஸ் சீட்டு வாங்கியவர்களுக்குப் போனால், பொது வரிசைக்கு மணிக்கு 600தான் மிச்சம். அந்த 900 பேருக்குப் பின்னால் நிற்கும் நீங்கள் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். வரிசை சிறியதாகத் தெரிந்தும் நகராமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நுழைவாயிலில் எழுதியிருக்கும் காத்திருப்பு நேரத்தைப் படித்த பிறகே உள்ளே கால் வையுங்கள்.

வாசல் திறந்த முதல் ஒரு மணி நேரம் தங்கம். வரிசைகள் அப்போதுதான் உருவாகத் தொடங்கியிருக்கும். பலரும் முதலில் கண்ணில் படும் கடைகளிலும் படமெடுப்பதிலும் நின்றுவிடுவார்கள். நீங்கள் நேராக, பிள்ளைகள் அதிகம் ஆசைப்படும் சவாரிக்குப் போய்விடுங்கள்.

அதற்கு முன், வீட்டிலேயே பிள்ளையின் உயரத்தை அளந்துவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்கு 102 செண்டிமீட்டராவது வேண்டும். பெரிய ரோலர் கோஸ்டர்களுக்கு அதைவிடக் கூடுதல். ஒரு மணி நேரம் பொறுமையாக நின்ற குழந்தையை அளவுகோலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, இல்லையம்மா என்று சொல்லித் திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அது எந்தப் பிள்ளைக்கும் நேரக்கூடாது.

நெஞ்சுரமுள்ள பெரிய பிள்ளைகளுக்குத் தனிநபர் வரிசை நல்லது. நால்வர் அமரும் இருக்கை வரிசையில் மூவர் குடும்பம் ஏறினால் ஓர் இடம் காலியாகும். அதை நிரப்பத்தான் அந்த வரிசை. ஆளுக்கோர் இடத்தில் உட்கார வேண்டிவரும், அவ்வளவுதான். சின்னவர்களை அதில் அனுப்பாதீர்கள்.

டிசம்பர் என்றால் மழை. வடகிழக்குப் பருவக்காற்று நமக்குக் கனமழை கொண்டுவரும் மாதம். மின்னல் அபாயம் வந்தால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள், உடனே எல்லாரும் கூரைக்குள் இருக்கும் சவாரிகளுக்கு ஓடுவார்கள். அங்கே வரிசை இரண்டு மடங்கானாலும் வியப்பில்லை. நீங்கள் ஓட வேண்டாம். அந்த நேரத்தில் சாப்பிட்டுவிடுங்கள். மழை ஓய்ந்ததும் வெளியே இருக்கும் சவாரிகள் மீண்டும் ஓடத் தொடங்கும்போது முதலில் போய் நிற்கலாம். ஆளுக்கொரு மழையங்கியும் மாற்றுக் காலுறையும் பையில் இருக்கட்டும்.

பெரியவர்களைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தாத்தாவும் பாட்டியும் 'எங்களுக்கு ஒன்றுமில்லை, நீங்கள் போங்கள்' என்றுதான் சொல்வார்கள். அதை நம்பிவிடாதீர்கள். புழுக்கத்தில் மணிக்கணக்காக நிற்பது முழங்காலுக்கு ஆகாது. ஒரே நேரத்தில் நிறைய பேர் உட்கார்ந்து பார்க்கும் காட்சிகள் அங்கே உண்டு. அவற்றின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொண்டு, மற்ற சவாரிகளை அவற்றைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தண்ணீர் குடிக்க வையுங்கள், மருந்து நேரத்தை யாராவது ஒருவர் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பும்போது தீவுக்கு எதிரே இருக்கும் விவோசிட்டி கடைத்தொகுதிக்குப் போகும் செந்தோசா ரயிலிலும் கூட்டம் இருக்கும். கால் வலிக்காதவர்கள் பாலத்து நடைபாதையில் நடந்தே வந்துவிடலாம். பாட்டியை ரயிலில் உட்கார வைத்து, கூட ஒருவர் போங்கள்.