4 பெட்டி 8 ஆனதற்கு இத்தனை கூத்தா? எம்பிஏ வகுப்பில் ஒரு 'பீர் ஆட்டம்'

வணக்கம் மக்களே! ஒரு கடையில் வாரம் 4 பெட்டி விற்கிறது. ஐந்தாவது வாரம் 8 ஆகிறது. அப்புறம் கடைசி வரைக்கும் 8தான். ஆனால் இதற்குச் சரக்கு அனுப்பும் ஃபேக்டரிக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார். ஏன்? வீடியோவை நிறுத்திவிட்டு உங்கள் யூகத்தை கமெண்டில் போடுங்கள். கூகுள் பண்ணக் கூடாது!

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலையில் பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டர் குழு உருவாக்கிய பயிற்சி இது. பெயர் பீர் ஆட்டம். பின் பெஞ்ச் தம்பிகளா, நிமிர்ந்து உட்கார வேண்டாம், ஒரு சொட்டு கிடையாது.

நம்ம மதுரைக்கு மாற்றிவிடுவோம். பெட்டியில் ஜிகர்தண்டா. விளக்குத்தூண் பக்கம் கடைக்காரர், கீழமாசி வீதியில் மொத்த வியாபாரி, மாட்டுத்தாவணியில் விநியோகஸ்தர், கப்பலூரில் ஃபேக்டரி. இந்த நாலு வேடத்திலும் மாணவர்கள்தான். நாலு பேரும் பேசிக்கொள்ளக் கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும்தான். சீட்டு போய்ச் சேரவும் நாளாகும், சரக்கு வரவும் நாளாகும். ஸ்டாக் தேங்கினால் பெட்டிக்கு வாரம் அரை டாலர் நஷ்டம். கேட்டதைக் கொடுக்க முடியாவிட்டால் ஒரு டாலர்.

(திரையில்: ஏறிக்கொண்டே போகும் நான்கு கோடுகள்)

கடைக்காரர் 8 கேட்கிறார், வரவில்லை. பதறிப்போய் 12 கேட்கிறார். மொத்த வியாபாரி, 'ஆஹா, சீசன் தொடங்கியாச்சு' என்று 18 போடுகிறார். கப்பலூரை எட்டும்போது சாதாரணமாக 30ஐத் தாண்டிவிடும். பிறகு எல்லாச் சரக்கும் ஒன்றாக வந்து இறங்கும். கடைக்காரர் ஆர்டரையே நிறுத்திவிடுவார். கடையில் சின்ன அசைவு, ஃபேக்டரியில் பெரிய அடி: இதுதான் புல்விப் எஃபெக்ட், அதாவது சாட்டை விளைவு.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். ஆட்டம் முடிந்ததும், "வாடிக்கையாளர் வாராவாரம் எவ்வளவு கேட்டிருப்பார்? வரைந்து காட்டுங்கள்" என்பார் ஆசிரியர். ஃபேக்டரி பக்கம் இருந்தவர்கள் மலையும் பள்ளமுமாக வரைவார்கள். உண்மைக் கோடு ஒற்றைப் படிக்கட்டு! தப்பு வாடிக்கையாளர் மேல் இல்லை, நாலு பேரின் பதற்றத்தில் இருக்கிறது என்று அங்கேதான் உறைக்கும். ஹார்வர்டில் நம்ம அரவிந்த் கண் மருத்துவமனையை 1993லேயே கேஸாக, அதாவது வகுப்பில் அலசும் நிஜ நிறுவனக் கதையாக, எழுதிவிட்டார்கள், அருமையான கேஸ். ஆனாலும் அதில் முடிவெடுத்தவர் வேறொருவர். இங்கே மாட்டிக்கொள்வது நாம்.

இந்த ஆட்டத்தைக் கணினியிலும் ஆடலாம். சரி, கணினி எதற்கு? பலகையும் காய்களும் வைத்து ஆடினால் கணக்குப் பார்ப்பதிலேயே பாதி நாள் போய்விடும். கணினியில் எல்லா அணிகளின் வரைபடமும் உடனே திரையில் வரும். கடை விற்பனையை நாலு பேருக்கும் காட்டும்படி மாற்றி, மறுபடியும் ஆட வைக்கலாம். அப்போது ஏற்ற இறக்கம் குறையும், முழுசாக நிற்காது. இதைத்தான் நான் தொழில்நுட்பக் கல்வி என்பேன். பிபிடியை ஆன்லைனில் ஏற்றிவிட்டு 'டிஜிட்டல் வகுப்பறை' என்று பேனர் கட்டுவதை அல்ல. மத்திய அரசின் ஆன்லைன் தளமான ஸ்வயம் படிப்புகளுக்கு 40 சதவீதம் வரை கிரெடிட் எடுக்க யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2021லேயே வழி செய்துவிட்டது. அதைத் தனி வீடியோவில் பார்ப்போம்.

கீழமாசி வீதியில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிகளே, பொங்கலுக்குச் சரக்கு எந்தக் கணக்கில் போடுகிறீர்கள்? கமெண்டில் எழுதுங்கள், பல்கலை நகர் எம்பிஏ பிள்ளைகள் படிக்கட்டும்.