கரும்புக்காட்டுப் பிள்ளை ரொபெர்டோ கிளெமென்டே

(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவிலும் சொன்ன நேரத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, ஏழாம் வகுப்பில் என்னை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டவரும், இன்று எண்பது வயதிலும் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவருமான என் உடற்கல்வி ஆசிரியர் ஐயா அவர்களே, நூலகர் அவர்களே, ஒலிபெருக்கி உபயம் செய்த அன்பரே, தாய்மார்களே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

அம்மா அவர்கள் இன்னொரு நிகழ்ச்சிக்குப் போக வேண்டுமாம். அவர்கள் இருக்கும்போதே என் பாட்டி சொன்ன பழமொழியைச் சொல்லிவிடுகிறேன்: சுவர் இருந்தால்தான் சித்திரம். இதை நான் எல்லா மேடையிலும் சொல்கிறேன் என்பார்கள். சொல்ல வேண்டிய நிலைமை மாறவில்லையே, அதனால் சொல்கிறேன்.

இன்று பேஸ்பால் வீரர் ஒருவரின் வாழ்க்கை. அவருடைய கை, அவருடைய பெயர், அவருடைய மனசு, பிறகு அந்த ஆட்டத்தின் விதிமுறைகள் என்று நான்கு செய்திகள் சொல்லலாமென்று வந்திருக்கிறேன்.

கரீபியக் கடலில் போர்ட்டோ ரிக்கோ தீவு, அதில் கரோலினா என்ற ஊர். அங்கே 1934 ஆகஸ்ட் 18 அன்று பிறந்தவர் ரொபெர்டோ கிளெமென்டே. அப்பா மெல்சோர் கரும்புத் தோட்டத்தில் மேஸ்திரி. வீட்டில் கடைக்குட்டி. கொய்யாக் கிளைதான் பேட். பழந்துணியைச் சுருட்டிக் கட்டினால் பந்து. பள்ளிக்கூடத்தில் ஈட்டி எறிந்தார். பிற்காலத்தில் அவர் காவல் நின்ற வலது களத்தின் கோடியிலிருந்து அவர் எறிந்த பந்து ஓடுகிறவனை முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்ததென்றால், அந்தக் கை பள்ளி மைதானத்தில் பழகிய கை. ஐயா அவர்கள் தலையசைக்கிறார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம்!

1954 பிப்ரவரியில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி 10,000 டாலர் கொடுத்து அவரைச் சேர்த்து, கீழ்மட்ட அணியில் உட்காரவைத்தது. அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி வெறும் 4,000 டாலருக்குத் தட்டிக்கொண்டு போய்விட்டது. அங்கேயே 18 பருவங்கள். நான்கு முறை லீகின் பேட்டிங் சராசரியில் முதலிடம். 1961 முதல் 1972 வரை ஆண்டு தவறாமல் களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருது. 1960, 1971 இரண்டிலும் உலகத் தொடர், அதாவது பருவத்தின் இறுதிச் சாம்பியன் தொடர், வெற்றி. அந்த இரண்டு தொடர்களிலும் ஏழேழு ஆட்டங்கள், பதினான்கிலும் அவர் ஹிட் அடித்தார்; ஹிட் என்றால் பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் முதல் தளத்தையாவது எட்டுவது.

பெயருக்கு வருகிறேன். வீரர்களின் படம் போட்ட அட்டைகளில் பல ஆண்டுகள் அவரை ‘பாப்’ என்றே அச்சிட்டார்கள். ‘என் பெயர் ரொபெர்டோ’ என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கறுப்பர் என்பதால் ஒரு புறக்கணிப்பு, ஸ்பானிய மொழிக்காரர் என்பதால் இன்னொன்று. 1971-இல் உலகத் தொடரை வென்றதும் நேரலையில் மைக்கை நீட்டினார்கள். அவர் ஸ்பானிய மொழியில் முதலில் பேசினார். பிள்ளைகளுக்கு ஆசி சொல்லி, பெற்றோரிடம் ஆசி கேட்டார். தாய்மார்களே, அமெரிக்காவே பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு மகன் அம்மா அப்பாவிடம் ஆசி கேட்கிறான்!

இனி மனசு. 1972 செப்டம்பர் 30, பிட்ஸ்பர்க்கில் அவருடைய 3,000-ஆவது ஹிட். லீக் ஆட்டங்களில் அதற்கு மேல் அவர் ஒன்றுகூட அடிக்கவில்லை. அந்த ஆண்டு முடிவில் போர்ட்டோ ரிக்கோ அணியின் மேலாளராக நிகரகுவா போனார். அங்கே கால்களை இழந்த ஒரு சிறுவனைப் பார்த்து, செயற்கைக் கால்களுக்கு ஏற்பாடு செய்தார். ஊர் திரும்பிச் சில நாள்தான்; டிசம்பர் 23 நள்ளிரவு தாண்டி நிகரகுவாவின் தலைநகர் மனாகுவா நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அந்தப் பையன் என்ன ஆனானோ என்று இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸ் என்றும் பார்க்காமல் போர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவானின் ஹிராம் பித்தோர்ன் மைதானத்தில் நின்று நிவாரணப் பொருள் திரட்டினார். ஆட்டமாடும் மைதானம், ஐயா, அன்றைக்கு ஊருக்கே அடுக்களை ஆயிற்று! மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். நிகரகுவாவின் சர்வாதிகாரி சொமோசாவின் படையினர் அதைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று சேதி வந்தது. ‘நானே கூடப் போனால் தொட மாட்டார்கள்’ என்று புறப்பட்டுவிட்டார்.

டிசம்பர் 31 இரவு. ஊரெல்லாம் புத்தாண்டுக்குக் காத்திருக்கிறது. பழைய டிசி-7 சரக்கு விமானம், அந்த மாதத் தொடக்கத்தில்தான் அடிபட்டுப் பழுது பார்க்கப்பட்டது; தாங்கும் எடையைவிட 4,000 பவுண்டுக்கு மேல் கூடுதல் சரக்கு. ஐந்து பேரோடு கிளம்பி, சில நிமிடங்களில் கடலில் விழுந்தது. கிளெமென்டேயின் உடல் கிடைக்கவே இல்லை. சக வீரர் மேனி சங்கியென் அஞ்சலிக் கூட்டத்துக்குப் போகவில்லை. நண்பனைத் தேடிக் கடலில் முங்கிக்கொண்டிருந்தார். மறைந்தபோது கிளெமென்டேயின் வயது 38.

பெரும் வீரர்களைப் போற்றும் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற, ஆட்டத்தை விட்ட பிறகு ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். அந்த விதியை விலக்கி 1973-இலேயே சேர்த்தார்கள். லத்தீன் அமெரிக்கரில் முதல்வர் அவர். அவருடைய சட்டை எண் 21. பிட்ஸ்பர்க்கின் இன்றைய மைதானத்தில் வலது களச் சுவர் 21 அடி உயரம், அவர் நினைவாக. பாருங்கள், அங்கேயும் சுவர்!

ஆனால் அவர் ஆசைப்பட்டது சுவருக்கல்ல. ஏழைப் பிள்ளைகள் காசில்லாமல் விளையாட ஒரு விளையாட்டு நகரம் வேண்டுமென்று கனவு கண்டார். அவர் மறைந்த பிறகு அரசு கரோலினாவில் 304 ஏக்கர் கொடுத்தது. மனைவி வேரா அதைக் கட்டி எழுப்பினார்.

நாம் 304 ஏக்கர் கேட்கவில்லை, அம்மா அவர்களே. நம் பள்ளிக்கூட மைதானம் மூன்றே ஏக்கர். அதில் பாதியில் கடைகள் கட்டப் போகிறார்களென்ற பேச்சு அடிபடுகிறது. மழை பெய்தால் குளம், வெயில் காய்ந்தால் லாரி நிறுத்தம், இருந்தாலும் அதுதான் நம் பிள்ளைகளின் சுவர். விதிமுறைகளை விளக்க நேரமில்லை, மாணவர்கள் பொறுத்தருள வேண்டும். மனு வாசல் மேசையில் இருக்கிறது. அம்மா அவர்கள் அதை இங்கேயே பெற்றுக்கொள்ள இசைந்திருக்கிறார்கள். முதல் கையெழுத்து ஐயா போடட்டும். பேனா என்னிடம் இருக்கிறது.